இறுக்கினால் மட்டும் பெல்ட் நிற்குமா?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள எல்டோரா ஸ்பீட்வே அரை மைல் நீளக் களிமண் பாதை. 'வேர்ல்ட் 100' என்ற லேட் மாடல் கார் பந்தயம் 1971 முதல் அங்கே நடக்கிறது. இப்படிப்பட்ட மண் பாதையில் ஓடும் காரில் பாதிப் பந்தயத்தில் தண்ணீர் கொதிக்கிறது, ஸ்டீயரிங் திடீரென்று கனக்கிறது என்றால், பம்புகளைச் சுழற்றும் பெல்ட் வழுக்குகிறதோ என்று சந்தேகம் வரும். உடனே ஸ்பேனரை எடுத்து இறுக்கத் தொடங்குகிறார்கள். அளவு மீறி இறுக்கினால் பெல்ட் பிழைக்கிறதோ இல்லையோ, வாட்டர் பம்பின் பேரிங் போய்விடும்.

முதலில் பார்க்க வேண்டியது வேகத்தை. சுழலும் பெல்ட் தன் எடையாலேயே புல்லியை விட்டு வெளியே விலகப் பார்க்கும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த விசை நான்கு மடங்காகும். கிராங்க் புல்லி 12.5 செ.மீ. விட்டம், இன்ஜின் 8,000 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் நொடிக்கு 52 மீட்டர் ஓடும். மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள வி-பெல்ட்டில் சுமார் 28 கிலோ அளவு இழுவிசை, பிடிப்புக்கு உதவாமல் இப்படியே வீணாகிறது. புல்லியை 10 செ.மீ. ஆக்கினால் அது 18 கிலோவாகக் குறையும். பம்பும் மெதுவாகச் சுற்றும் என்பதால், மஞ்சள் கொடி காட்டி வண்டிகள் ஊர்ந்து போகும் நேரத்திலும் தண்ணீர் ஓட்டம் போதுமா என்று பார்த்துக்கொள்வது அவசியம். என் கணிப்பில், ஸ்பேனரைத் தொடும் முன் செய்ய வேண்டிய கணக்கு இதுதான்.

அடுத்தது சுற்றுக்கோணம். படகுக் கயிற்றைத் தூணில் இன்னொரு சுற்றுச் சுற்றினால் பிடிப்பு பல மடங்கு கூடுவதுபோல, பெல்ட் புல்லியை எவ்வளவு தூரம் தழுவுகிறதோ அவ்வளவுக்குப் பிடிக்கும். சிறிய புல்லியில் தழுவல் 120 டிகிரிக்குக் குறைந்துவிட்டால், தொய்வான பக்கத்தில் ஒரு ஐட்லர் புல்லி வைத்து அதைக் கூட்டலாம்.

பிறகு கண்ணால் பார்க்க வேண்டியவை. வி-பெல்ட் பிடிப்பது பக்கச் சுவர்களில். பள்ளத்தின் அடியில் அல்ல. பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னினால் பெல்ட்டோ புல்லியோ தேய்ந்து, பெல்ட் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. நேர்விளிம்பு ஒன்றை இரு புல்லிகளின் முகத்திலும் வைத்து, ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்டீயரிங் எண்ணெய் ஊறிய பெல்ட்டைத் துடைத்து மாட்டாதீர்கள். கசிவை நிறுத்திவிட்டுப் புதிதாகவே போடுங்கள்.

பல் பெல்ட் போட்டவர்கள் வழுக்கல் கவலை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். பல்லுக்கிடையில் சேறு இறுகினாலோ சிறு கல் மாட்டினாலோ அது பல் தாண்டும், அல்லது கழன்று பறக்கும். முன்பக்கம் தகடு வைத்து மறையுங்கள். ஆனால் உள்ளே புகுந்த சேறு விழ அடியில் வழி விடுங்கள். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் ரேடியேட்டர் சேற்றையும் தட்டிவிடுங்கள். அது அடைத்துக்கொண்டு சூடேறினாலும் பழி பெல்ட் மேலேயே விழுகிறது.