பனிச்சரிவு கடவுள் செயலா?

மலையில் பனி சரிந்து நாலு பேர் மாண்டார்கள் என்று செய்தி வந்தால் போதும். உடனே "இயற்கையின் சீற்றம்" என்றும், "விதி யாரை விட்டது" என்றும் எழுதிவிட்டுக் கைகழுவிக் கொள்வது வழக்கமாய்ப் போய்விட்டது. பனிக்குச் சீற்றம் எங்கிருந்து வந்தது என்று கேட்பாரில்லை. ஆகையால் நாம் கேட்கின்றோம்.

குளிர்காலத் தொடக்கத்தில் விழுகின்ற முதற்பனி கனமில்லாமல் தரைமேல் கிடக்கின்றது. கீழே தரையின் சூடு, மேலே காற்றின் கடுங்குளிர். இவ்விரண்டுக்கும் இடையில் அடியிலிருந்து ஆவி மேலேறி, பனியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரைக் குருணை போலாகிவிடுகின்றது. பிறகு புயல் வந்து புதுப்பனியைக் கொட்ட, காற்று அதை இறுக்கிப் பாளமாக்கி விடுகின்றது. சர்க்கரையைப் பரப்பி அதன்மேல் பலகையை வைத்துச் சாய்த்துப் பிடித்தால் என்ன கதியோ, அதுவே அந்த மலையின் கதியும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடத்தில் ஒரு மனிதன் சறுக்கிக்கொண்டு போனால், அவன் பாரத்தாலேயே அடியிலுள்ள பலமற்ற அடுக்கு நொறுங்கி, பாளம் முழுதும் பெயர்ந்து வருகின்றது. சறுக்கப் போய் மாண்டவர்களில் 100-க்கு சுமார் 90 பேர், தாங்களோ தங்கள் கூட்டாளிகளோ கிளப்பிவிட்ட சரிவிலேயே மாண்டவர்கள் என்பது இதை ஆராய்ந்தவர்கள் கண்ட கணக்கு. இதில் கடவுளுக்கு என்ன வேலை மிச்சமிருக்கின்றது?

இது பரம ரகசியமுமல்ல. ஸ்விட்ஜர்லாந்தில் டாவோஸ் ஊருக்கு மேலே, பனியை அடுக்கடுக்காய் ஆராய்வதற்கென்றே 1936-லேயே ஒரு கூடம் வைத்துவிட்டார்கள்.

நிற்க. அறிந்தவர்கள் மட்டும் தப்பினார்களா? 2013 ஏப்ரல் 20-இல் அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்து லவ்லண்ட் கணவாய்க்கருகே 6 பேர் மலையேறினார்கள். அடியில் பலமற்ற அடுக்கு இருக்கின்றது, வடபுறச் சரிவுகளில் ஜாக்கிரதை என்று அன்றைய அறிக்கை சொல்லியிருந்தது. அவர்களும் அதை அறிந்தே போனார்கள். சரிவு 6 பேரையும் பிடித்துக்கொண்டது. புதைந்தவனைக் கால்மணிக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலும் பிழைப்பான். அரைமணி கடந்தால் பெரும்பாலும் பிணந்தான். தோண்டுவதற்கோ வெளியில் ஒருவருமில்லை. 5 பேர் மாண்டார்கள். மாண்டவர்களைப் பழிப்பது நம் நோக்கமல்ல, அவர்கள் மூடர்களுமல்ல.

நாம் பழிப்பது வேறொன்றை. "நேற்று ஒன்பது பேர் இதே சரிவில் போன தடம் இருக்கின்றதே, நமக்கு மட்டும் என்ன வந்துவிடும்?" என்கின்ற நியாயம் இருக்கின்றதே, அதைத்தான். முன்னோர் போன வழி என்று நம்மூரில் சொல்லுகின்ற அதே சரக்கு, பனிமலையில் சறுக்குப் பலகை கட்டிக்கொண்டு போகின்றது! பாளம் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பாயிருப்பதில்லை. ஒன்பது பேர் தடித்த இடத்தில் போயிருப்பார்கள். பத்தாமவன் மெல்லிய இடத்தில் காலை வைப்பான். தடத்திற்கு இது தெரியுமா?

அபாயத்தை 1 முதல் 5 வரை படி வைத்து அறிவிக்கின்றார்கள். ஐரோப்பாவில் அதிகம் பேர் சாவது 5-ஆம் படியிலன்று, 3-ஆம் படியில். 5 என்றால் எவனும் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. 3 என்றால், "பாதிதானே" என்று பலகையைக் கட்டிக்கொள்ளுகின்றான்.