பூச்சி நுழையாத பூ

ரோமில் ஒரே ஒரு வேளை சாப்பாட்டுக்குத்தான் நேரம் என்றால், வத்திகானைச் சுற்றியுள்ள சுற்றுலா ஓட்டல்களை விட்டுவிட்டு டைபர் நதிக்கரையில் இருக்கும் கெட்டோவுக்குப் போய்விடுங்கள். பழைய யூதக் குடியிருப்பு. வியா தெல் போர்த்திகோ தொத்தாவியா என்ற சின்னத் தெருவில்தான் உணவகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

சைவர்களுக்கு இங்கே ஒரு சௌகரியம். கோஷர் விதிப்படி பாலும் இறைச்சியும் ஒரே சமையலறையில் சேரக் கூடாது. ஆகவே ‘பால்’ உணவகம் என்றால் இறைச்சி அறவே கிடையாது. மீன் உண்டு, அதை மட்டும் விசாரித்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கடைகளும் கோஷர் அல்ல. கோஷர் கடைகள் வெள்ளி மாலை முதல் சனி இருட்டும்வரை மூடியிருக்கும்.

கேட்டு வாங்க வேண்டியது ‘கார்ச்சோஃபி அல்லா ஜூதியா’, அதாவது யூத பாணி ஆர்ட்டிசோக். முழுப் பூவைச் செதுக்கி, எண்ணெயில் இரண்டு முறை பொரிக்கிறார்கள். இரண்டாம் முறை நல்ல சூட்டில் அது செவ்வந்திபோல விரிந்துவிடும். வெளியிதழ்கள் அப்பளம்போல நொறுங்க, நடுப்பகுதி வெண்ணெயாகக் கரையும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் இதற்கு உகந்த காலம். ஆகஸ்டில் போய்க் கேட்பது மார்கழியில் மாம்பழம் தேடுகிற கதை.

இந்தப் பூவுக்கும் 2018இல் சோதனை வந்தது. முழுதாகப் பொரிப்பதால் இதழிடுக்கில் உள்ள பூச்சிகளை நீக்க முடியாது, எனவே இது கோஷர் அல்ல என்றது இஸ்ரேலின் தலைமை ரபி பீடம். ரோம் யூதர்கள் கொதித்துப்போனார்கள். எங்கள் ஊர் ஆர்ட்டிசோக்கின் இதழ்கள் இறுக்கமானவை, பூச்சி நுழைய வழியே இல்லை என்பது அவர்கள் வாதம். ரோமின் தலைமை ரபியே பாஸ்கா பண்டிகை வாழ்த்து வீடியோவில் ஆர்ட்டிசோக்கைச் செதுக்கிக் காட்டினார். பட்டியலிலிருந்து அது போகவில்லை.

கோபத்தில் நியாயம் இருக்கிறது. போப்பாண்டவர்கள் காலத்துக்கு முன்பிருந்தே, 2,000 ஆண்டுகளுக்கும் மேலாக, ரோமில் வாழும் சமூகம் இது. 1555இல் நான்காம் பால் போப் இவர்களை மதில் எழுப்பி இந்த வெள்ளம் புகும் தாழ்நிலத்தில் அடைத்தார். இரவில் வாயில்கள் பூட்டப்பட்டன. 1870இல் போப்பின் ஆட்சி வீழ்ந்த பிறகுதான் முழு விடுதலை. பக்கத்திலேயே மீன் சந்தை. இந்தக் கல்லைவிட நீளமான மீனின் தலை நகர அதிகாரிகளுக்குச் சேரும் என்று பொறித்த பளிங்குக் கல் இன்னமும் அங்கே இருக்கிறது! பெருந்தலைகள் அங்கே போக, கழிவு மீனில் ஏழைகள் சூப் வைத்தார்கள். நெத்திலி வகைச் சிறு மீனைக் கசப்புக் கீரையோடு அடுக்கி வேகவைக்கும் ‘அலிச்சோத்தி’யும் அந்தச் சிக்கன மரபுதான். அசைவர்கள் தவறவிட வேண்டாம்.

1943 அக்டோபர் 16 அன்று ஜெர்மானியர்கள் வளைத்துப் பிடித்து ஆஷ்விட்ஸுக்கு அனுப்பியவர்கள் ஆயிரத்துக்கும் மேல். திரும்பியவர்கள் 16 பேர். வீட்டு வாசல்களில் பதித்த பித்தளைக் கற்களில் பெயர்கள் இருக்கின்றன. பார்த்து நடங்கள்.

இனிப்புக்கு, அதே தெருவில் பெயர்ப்பலகை இல்லாத பேக்கரி. ரிக்கோட்டா பாலாடையும் புளிப்புச் செர்ரியும் வைத்த கேக்கின் மேல்தோல் கருகினாற்போல இருக்கும். அது அப்படித்தான். துண்டாகக் கேட்டால் வெட்டித் தருவார்கள். சனிக்கிழமை விடுமுறை.