பசி பகையன்று

நுழையும்முன்

உடலைப் பேணுதல் வேறு. உடலைத் தண்டித்தல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள எல்லையை வளரிளம் பருவத்தினர் பலர் அறியாமலே கடந்துவிடுகின்றனர். உணவை அஞ்சும் நிலையிலிருந்து மீண்டு, உடலோடு நல்லுறவு கொள்வதற்குரிய வழியை ஆராய்கிறது இக்கட்டுரை.

உண்ணாதிருப்பதை மனவுறுதி எனப் போற்றும் வழக்கம் இன்று பெருகி வருகிறது. இளைத்த உடலைக் கண்டவர், “எப்படிக் குறைத்தாய்?” என்று வியப்போடு வினவுகின்றனர். பாராட்டப்படும் அந்த உறுதியே சிலரிடம் நோயாக மாறுகிறது. உணவைக் கண்டு அஞ்சுதல், பட்டினி கிடத்தல், பின்னர்க் கட்டுப்பாடின்றி உண்டு குற்றவுணர்வில் வருந்துதல் எனப் பல வடிவங்களில் அது வெளிப்படுகிறது. இது செருக்குமன்று, பிடிவாதமுமன்று. உடலையும் உள்ளத்தையும் ஒருசேரப் பற்றும் நோயாகும். ஆகவே, இந்நோயுற்றவருக்கு முதலில் வேண்டுவது அறிவுரையன்று. அன்போடும் மருத்துவத் துணையோடும் அளிக்கப்படும் போதிய உணவே.

பெயரும் நோயும்

1873ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல் இந்நோயின் ஒரு வகைக்கு ‘அனோரெக்சியா நெர்வோசா’ எனப் பெயரிட்டார். பசியின்மை என்பது அப்பெயரின் பொருள். ஆயினும், நோயுற்றவர் பலரிடம் பசி இல்லாமற் போவதில்லை, அது அடக்கப்படுகிறது. அவ்வடக்குமுறையின் விலை பெரிது. அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர் புகழின் உச்சத்தைக் கண்டவர். இந்நோயின் விளைவாக இதயம் நலிவுற்று, 1983ஆம் ஆண்டில் தம் 32ஆம் வயதில் அவர் மறைந்தார். இந்நோய் பெண்களுக்கே உரியது எனக் கருதுவதும் பிழை. ஆண்களும் இதற்கு ஆளாகின்றனர்.

பட்டினி மனத்தை மாற்றும்

இரண்டாம் உலகப்போரின் இறுதிக் காலத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிவியலாளர் ஓர் ஆய்வை மேற்கொண்டார். போரால் பட்டினியுற்ற மக்களை மீட்பது எவ்வாறு என்பதை அறிவதே அதன் நோக்கம். படைக்கலம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமே முன்வந்தனர். உடலும் உள்ளமும் நலமாக இருந்த அவர்களுக்கு 24 வாரங்கள் வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியே வழங்கப்பட்டது.

அவர்களுடைய உடல் மெலிந்தது. அதனினும் வியப்பானது உள்ளத்தில் நேர்ந்த மாற்றம். அவர்கள் எந்நேரமும் உணவையே எண்ணினர், சமையல் நூல்களைத் தேடிச் சேர்த்தனர், சிறிதளவு உணவை நெடுநேரம் வைத்து உண்டனர், நண்பர்களிடமிருந்து விலகினர், எளிதில் சினந்தனர். மீண்டும் உணவு கிடைத்தபோது சிலர் எவ்வளவு உண்டும் நிறைவடையவில்லை. அவர்களை மீட்பதில் வைட்டமின் மாத்திரைகளைவிடப் போதிய உணவே பயன் தந்தது.

அவ்விளைஞர்கள் மெலிய விரும்பியவர்கள் அல்லர். ஆயினும், உண்ணல் கோளாறு உற்றவரிடம் காணப்படும் இயல்புகள் பல அவர்களிடமும் தோன்றின. குணக்கேடு என்று பிறர் பழிப்பனவற்றுள் பல பட்டினியின் விளைவுகளே என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது. பட்டினியுற்ற மூளையிடம் தெளிவை எதிர்பார்த்து, அது வந்தபின் உணவு தரலாம் எனக் காத்திருத்தல் முறையாகுமா?

திரை காட்டிய உடல்

ஃபிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995ஆம் ஆண்டில்தான் தொலைக்காட்சி வந்து சேர்ந்தது. நன்கு உண்டு வளர்ந்த உடலைச் சுற்றத்தாரின் அன்புக்குச் சான்றாகக் கருதிய மக்கள் அவர்கள். அங்குப் பள்ளி மாணவியரிடையே ஆன் பெக்கர் என்னும் ஆய்வாளர் ஆய்வு நடத்தினார். எடையைக் குறைப்பதற்காக உண்டதை வெளியேற்றும் தீய வழக்கம் 1995இல் வினவப்பட்ட மாணவியர் ஒருவரிடமும் இல்லை. 1998இல் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினொருவர் அவ்வழக்கத்திற்கு ஆளாகியிருந்தனர். மூன்றே ஆண்டுகளில் திரை அவர்களுக்கு ஒரு புதிய அளவுகோலைத் தந்துவிட்டது. இன்று அத்திரை ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

மீளும் வழி

இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை பெற்றோரைக் குற்றம் சாட்டுவதில்லை. அவர்களைத் துணையாகக் கொள்கிறது. தொடக்கத்தில் உணவுப் பொறுப்பைப் பெற்றோர் ஏற்கின்றனர். உடல் தேறத் தேற, அப்பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையிடம் திரும்புகிறது.

நன்கு பசித்தபின் உண்ணுதலைத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வலியுறுத்துகிறது. பசியை நம்பத்தக்க வழிகாட்டியாகக் கொள்வது நலமுற்ற உடலுக்குப் பொருந்தும். நெடுநாள் பட்டினியால் அவ்வழிகாட்டி மங்கியவர், அது தெளியும்வரை கடிகாரத்தை நம்பி, குறித்த வேளையில் உண்ண வேண்டும். பெரிதும் மெலிந்தவர் திடீரென மிகுதியாக உண்பது உயிருக்கே ஊறு செய்யலாம். மருத்துவர் மேற்பார்வை இன்றியமையாதது. மீளும் பாதையில் சறுக்கல்களும் நேரும். ஒருநாள் சறுக்கல் தோல்வியாகாது. அடுத்த வேளை உணவே அடுத்த அடி.

“மிகு எடையும் நோய் தருமே, கட்டுப்பாடு வேண்டாவா?” எனச் சிலர் வினவலாம். வேண்டும். ஆனால், நலம் நாடும் கட்டுப்பாடு உடலுக்கு வேண்டியதைத் தருகிறது. வெறுப்பில் பிறந்த கட்டுப்பாடு அதைப் பறிக்கிறது. ‘குண்டு’, ‘ஒல்லிக்குச்சி’ என்னும் கேலிகள் எவருக்கும் நலம் சேர்த்ததில்லை. நடக்கும் கால்களையும் எழுதும் கைகளையும் இடையறாது துடிக்கும் இதயத்தையும் அவை ஆற்றும் பணிக்காக மதிக்கப் பழகுதலே உடலோடு நட்புக் கொள்ளுதலாகும்.

உணவு அச்சம் தருமாயின், அதை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கூறுதல் வேண்டும். நடுவண் அரசின் ‘டெலி மானஸ்’ உளநல உதவி எண் 14416 எந்நேரமும் கட்டணமின்றிச் செயல்படுகிறது. உதவி கேட்பது இழுக்கன்று. பசி, வாழ விரும்பும் உடலின் குரல். அதற்குச் செவிசாய்ப்பதே மனவுறுதி.

தெரியுமா?

உடல் நிறைச் சுட்டெண்ணின் கணக்கீட்டை 19ஆம் நூற்றாண்டில் வகுத்தவர் பெல்ஜியக் கணித அறிஞர் அடால்ப் கெட்டலே. மக்கள் கூட்டத்தின் சராசரியை அறிவதே அவர் நோக்கம். தனி ஒருவரின் நலத்தை அளப்பதன்று.

கற்பவை கற்றபின்...

உருவத்தைக் கேலி செய்யும் சொற்களுக்கு மாற்றாக, நண்பரின் திறனைப் பாராட்டும் ஐந்து தொடர்களை எழுதி வகுப்பறையில் படித்துக் காட்டுக.