மனப்பாடமா? கைப்பழக்கமா?



நம் ஊர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒரு தட்டி. "லினக்ஸ் சர்வர் அட்மின் பயிற்சி! ரெட் ஹேட் சான்றிதழ்! நூறு சதவீதம் தேர்ச்சி உறுதி!" என்று கொட்டை எழுத்தில் கூப்பிடுகிறார்கள். டிப்ளமோ முடித்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தத் தட்டி கலங்கரை விளக்கமாகத்தான் தெரிகிறது. நான் அந்தச் சான்றிதழுக்கு எதிரி அல்ல. சொல்லப்போனால் அதன் ரசிகை. அதனால்தான் அதன் பெயரால் நடக்கும் கூத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நாம் ரயில் டிக்கெட் எடுத்தாலும், பேங்கில் பணம் போட்டாலும், எங்கேயோ ஒரு அறையில் இரவு பகலாக ஓடும் சர்வர்தான் அந்த வேலையைப் பார்க்கிறது. யாருக்கு எந்தக் கோப்பைத் திறக்க உரிமை, டிஸ்க் நிறைந்தால் எப்படி இடம் கூட்டுவது, நின்றுபோனால் எப்படி எழுப்புவது என்று அதைக் கட்டி மேய்ப்பவர்தான் சிஸ்டம் அட்மின். இந்த சர்வர்களில் பெரும்பங்கு லினக்ஸில் ஓடுகிறது. 1991-ல் அதை எழுதத் தொடங்கியபோது லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸ்தான். அந்த லினக்ஸைத் தொகுத்து நிறுவனங்களுக்கு விற்பது ரெட் ஹேட். 2019-ல் ஐ.பி.எம். இந்தக் கம்பெனியை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. இதன் பொறியாளர் சான்றிதழ் 1999 முதல் இருக்கிறது. அதற்கு முந்தைய படியான ஆர்.எச்.சி.எஸ்.ஏ. 2010-ல் வந்தது.

இந்தத் தேர்வின் அழகே, கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லாததுதான். சரியான விடையை டிக் அடிக்கும் வேலையும் கிடையாது. ஒரு மெஷினைக் கொடுத்து, "இதைச் செய்" என்பார்கள். புதிதாக ஆட்களைச் சேர், டிஸ்க்கைப் பிரி, ஃபயர்வாலில் வழி திற. ரூட் பாஸ்வேர்டு தெரியாத மெஷினை பூட் ஆகும்போதே மடக்கிப் பிடித்து, புதிய பாஸ்வேர்டு வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். மொத்தம் 300 மதிப்பெண், 210 எடுத்தால்தான் தேர்ச்சி. நமக்கு நூற்றுக்கு 40 போதும்! முதலாமாண்டு ஃபிட்டிங் ஷாப்பில் நாம் அரம் போட்ட ஜாபை நினைத்துப் பாருங்கள். எத்தனை பக்கம் ரெக்கார்டு எழுதினோம் என்றா சார் பார்த்தார்? வெர்னியரை வைத்து அளந்தார். இதுவும் அதே கதைதான்.

அதிலும் ஒரு விதி என்னை மிகவும் கவர்ந்தது. நாம் செய்து வைத்த எதுவும் மெஷினை ரீபூட் செய்த பிறகும் அப்படியே நிற்க வேண்டும். இது லேசுப்பட்ட விஷயம் இல்லீங்க. ஒரு சர்வீஸுக்கு 'ஸ்டார்ட்' கொடுத்தால் உடனே ஓடும். 'எனேபிள்' கொடுக்காவிட்டால் அடுத்த ரீபூட்டில் காணாமல் போகும். ஃபயர்வாலில் 'பெர்மனென்ட்' சேர்க்காத விதியும் அப்படியே. புதிய பார்ட்டிஷனை மவுண்ட் செய்தால் மட்டும் பத்தாது, 'எஃப்எஸ்டேப்' கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியில் ஒரு எழுத்து தப்பினால் மெஷின் முழுசாக எழும்பாமல் பாதியிலேயே நின்றுவிடும். எங்கள் அப்பா கொத்தனார். சுவர் எழுப்பியதும் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காமல் கூலிக்குக் கை நீட்ட மாட்டார். சர்வர் வேலைக்கு ரீபூட்தான் தூக்குக்குண்டு.

இப்போது கூத்துக்கு வருவோம். போன மே மாதம் நானும் அம்மாவும் ஒரு பயிற்சி மையத்துக்குப் போய் விசாரித்தோம். ரூ.35,000 என்றார்கள். தேர்வுக் கட்டணம் தனியாம். அப்பாவின் ஒரு மாதக் கூலி அதற்கே போய்விடும். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதம் ரூ.1,000 வருகிறது. 35 மாதம் ஒரு பைசா தொடாமல் சேர்த்தால் அந்த ஃபீஸ். டிப்ளமோவே 36 மாதம்தான்! அம்மா காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். கேட்டிருந்தால் அது அன்றைக்கே அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

சரி, அந்தப் பணத்துக்கு என்ன சொல்லிக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். "கவலைப்படாதம்மா, டம்ப் கொடுத்துடுவோம். அதை நாலு தடவை அடிச்சுப் பார்த்தா போதும்" என்றார் அங்கிருந்தவர். டம்ப் என்றால், ஏற்கெனவே தேர்வு எழுதியவர்கள் நினைவில் வைத்து வெளியே சொன்ன கேள்விகளும் அவற்றுக்கான கட்டளைகளும். தேர்வு எழுதும் ஒவ்வொருவரும் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறார்கள். மீறினால் கொடுத்த சான்றிதழையே திரும்பப் பெற கம்பெனிக்கு உரிமை உண்டு. அம்மாவின் தோட்டை வைத்து வாங்கிய காகிதம் அப்படிப் போனால் யாரிடம் போய்க் கேட்பது?

இதில் சட்டத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. கையால் செய்து பார்க்க வைத்த தேர்வை மனப்பாடத் தேர்வாக மாற்றிவிடுகிறார்கள். வேலையில் சேர்ந்த பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் எழும்பவில்லை என்றால் டம்பில் இருக்கும் 12-வது கேள்வி வந்து எழுப்புமா? பி.இ. படித்தவனுக்குப் பின்னால் அவன் பட்டம் நிற்கிறது. இந்தத் தேர்வோ பட்டம் எதுவும் கேட்பதில்லை. டிப்ளமோ மாணவிக்கும் அதே மெஷின், அதே நேரம். நமக்குச் சமமாகக் கிடைத்திருக்கும் ஒரே களம். அதிலும் குறுக்கு வழி என்றால் எப்படி?

"நான் தமிழ் மீடியம், கோச்சிங் இல்லாமல் எப்படி?" என்று என் தோழிகள் கேட்கிறார்கள். நானும் தமிழ் மீடியம்தான். தேர்வு மெஷினில் இணையம் கிடையாது, ஆனால் 'மேன் பேஜ்' என்னும் கையேடு உள்ளேயே இருக்கிறது. அதன் இங்கிலீஷ் நாவல் இங்கிலீஷ் அல்ல; நூறு சொல் தெரிந்தால் ஓட்டலாம். 'சினாப்சிஸ்' என்ற தலைப்பின் கீழ் சதுர அடைப்புக்குள் இருப்பது விருப்பம்போல் சேர்ப்பது, மூன்று புள்ளி இருந்தால் அதைத் திரும்பத் திரும்பத் தரலாம். கட்டளையின் பெயரே மறந்துபோனால் 'மேன்' என்று அடித்து 'கே' ஆப்ஷனோடு ஒரு சொல்லைக் கொடுத்தால் தேடிக் கொடுக்கும். இந்த மூன்றையும் பழகிக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

பயிற்சிக்கான மென்பொருளுக்குச் செலவே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. முன்பு எல்லோரும் சென்ட் ஓஎஸ் போட்டார்கள். அதன் 7-ஆம் பதிப்பும் 2024 ஜூனோடு முடிந்தது. அந்த இடத்தில் 2021 முதல் ராக்கி லினக்ஸும் அல்மா லினக்ஸும் இலவசமாகக் கிடைக்கின்றன. ரெட் ஹேட்டே தனிநபர் பழகுவதற்கு 16 மெஷின் வரை இலவசமாகத் தருகிறது. 8 ஜிபி ராம் உள்ள நம் லேப் கணினியில் இரண்டு சிறிய விர்ச்சுவல் மெஷின்களைத் தாராளமாக ஓட்டலாம். "பசங்க சிஸ்டத்தைக் கெடுத்துடுவாங்க" என்று லேப் அசிஸ்டென்ட் அண்ணன் பயப்படுவது நியாயம்தான். ஆனால் விர்ச்சுவல் மெஷினில் முதலிலேயே ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துவிட்டால், எவ்வளவு உடைத்தாலும் கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். உடைத்துப் பார்க்காமல் ரிப்பேர் பழக முடியுமா?

சான்றிதழை உடனே வாங்கியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் ஆயுள் 3 வருடம்தான்; நம் டிப்ளமோவுக்கு அந்தக் கவலை இல்லை. வேலை கிடைத்து, சொந்தச் சம்பளத்தில் தேர்வு எழுதினாலும் தாமதம் ஆகிவிடாது. கை பழகுவதைத்தான் தள்ளிப்போட முடியாது. மூன்றாமாண்டு முடிந்தால் இந்த லேப் நமக்கு இல்லை.

ஆகவே பேரவைக்கு ஒரு வேண்டுகோள். கலை விழாவுக்கும் விளையாட்டு விழாவுக்கும் வாதாடும் நம் பிரதிநிதிகள் இதற்காகவும் முதல்வர் ஐயாவிடம் வாதாட வேண்டும். செவ்வாயும் வியாழனும் மாலை 6 மணி வரை இரண்டாவது லேப் திறந்திருந்தால் போதும். 6.20 டவுன் பஸ்ஸைப் பிடித்துப் போகும் மாணவிகளும் வரலாம். ஜன்னல் ஓரத்து ஆறு கணினிகளை மட்டும் எங்களுக்கு விட்டுக் கொடுத்தால் சொல்லிக் கொடுக்க வெளியாள் வேண்டாம். கற்றுக்கொண்டதை வாரம் ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்வோம். மனு எழுதியாகிவிட்டது. மூன்று ஆண்டு மாணவர்களிலும் சேர்த்து 23 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மீதிப் பேருக்காகத் தாளின் பின்பக்கம் காலியாக இருக்கிறது. பேரவை அறையில் கேட்டால் தருவார்கள்.

- மாணவி, மூன்றாமாண்டு, கணினிப் பொறியியல்