‘நமக்கு’ என்றால் யாருக்கு?

எல்.கே.ஜி. வகுப்பறைச் சுவரில் தொங்கும் அந்த வண்ணப் படத்தைப் பார்க்காத பெற்றோர் குறைவு. டாக்டர், போலீஸ்காரர், தபால்காரர், தீயணைப்பு வீரர், ஆசிரியை, கடைசி வரிசையில் துடைப்பத்தோடு ஒருவர். தலைப்பு: ‘கம்யூனிட்டி ஹெல்பர்ஸ்’. யார் எங்கே வேலை செய்கிறார் என்று குழந்தை கோடு போட்டு இணைக்க வேண்டும். டாக்டருக்கு ஆஸ்பத்திரி. தபால்காரருக்கு போஸ்ட் ஆபீஸ். ஆசிரியைக்குப் பள்ளிக்கூடம். துடைப்பக்காரருக்குத் தெரு. கோடு சரியாக விழுந்தால் ஒரு நட்சத்திரம்.

நாலு வயதுக்கு நல்ல பாடம்தான். உலகம் அப்பா அம்மாவோடு முடிந்துவிடவில்லை என்று சொல்லித் தருகிறது. தகராறு தலைப்பில்தான். மொழிபெயர்ப்பே பிழைப்பாகிவிட்ட என்னைப் போன்றவர்களுக்குத் தலைப்புகள் கண்ணை உறுத்தும். ‘சமூக உதவியாளர்’ என்றால் அரசாணை வாடை அடிக்கிறது. ‘நமக்கு உதவுபவர்கள்’ என்பது நல்ல தமிழ். ஆனால் நல்ல தமிழாக மாற்றிய பிறகுதான் விவகாரமே வெளியே வருகிறது.

முதலில் ‘உதவி’. தமிழில் உதவி என்பது கைம்மாறு கருதாமல் செய்வது. சம்பளத்துக்குச் செய்வது வேலை. டாக்டர் பில் கொடுக்கிறார். அதை யாரும் உதவி என்று நினைப்பதில்லை. குப்பை அள்ளும் பெண்ணுக்கு மட்டும் அந்தச் சொல் கச்சிதமாக ஒட்டிக்கொள்கிறது. உதவி செய்கிறவர் சம்பளம் ஏன் தாமதம் என்று கேட்க மாட்டார், கையுறை எங்கே என்று கேட்க மாட்டார். கேட்டால் நமக்கே ஒரு மாதிரி இருக்கும்.

அடுத்தது ‘நமக்கு’. தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. எதிரே இருப்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். விலக்கிவிட்டுப் பேசினால் நாங்கள். ஆங்கிலத்திலும் இந்தியிலும் இந்தப் பாகுபாடு இல்லை. நான் வசிக்கும் மைசூரின் கன்னடத்தில்கூட ‘நாவு’ என்ற ஒரே சொல்தான் இரண்டுக்கும். தமிழில் மட்டும் தப்பிக்க வழியில்லை. ‘நமக்கு உதவுபவர்கள்’ என்று டீச்சர் சொல்லும்போது, துப்புரவுத் தொழிலாளியின் மகள் அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தால்? அவளும் அந்த ‘நாம்’தானா? அல்லது டீச்சர் மனதில் சொல்வது ‘எங்களுக்கு’ என்பதா?

ஆங்கிலத் தலைப்பைத் தமிழ்நாட்டுக் காதால் கேட்டால் இன்னொரு வேடிக்கை. நம் ஊரில் ‘கம்யூனிட்டி’ என்றால் என்ன? தாலுகா ஆபீஸில் வாங்குகிறோமே கம்யூனிட்டி சர்டிபிகேட், அந்தக் கம்யூனிட்டி. கடைசி வரிசைப் படத்தைப் பொறுத்தவரை அச்சடித்தவர்கள் அறியாமலே ஓர் உண்மையை அச்சடித்துவிட்டார்கள். டாக்டர் யார் வீட்டிலிருந்தும் வரலாம். துடைப்பம் எந்தத் தெருவிலிருந்து வரும் என்பது ஊருக்கே தெரியும்.

மத்திய அரசின் தூய்மைத் தரவரிசையில் 2015இல் 476 நகரங்களில் முதலிடம் பெற்ற ஊர் மைசூர். 2016இல் 73 நகரங்களில் மறுபடியும் முதலிடம். பாராட்டு ஊருக்குப் போனது. விடியும் முன் பெருக்க வருகிறவர்களுக்குக் கன்னடத்தில் ‘பௌரகார்மிகர்’ என்று பெயர். கன்னடத்தில் ‘பௌரத்வ’ என்றால் குடியுரிமை. ‘கார்மிக’ என்றால் தொழிலாளி. அச்சடித்த படத்தைவிட இந்தச் சொல் நேர்மையானது. தமிழ்நாடு அரசும் 2020இல் துப்புரவுப் பணியாளர்களைத் ‘தூய்மைப் பணியாளர்கள்’ ஆக்கியது. பெயர் மாற்றம் தேவைதான். ஆனால் பெயர்ப் பலகையை மாற்றுவது சுலபம், சந்தை மாற்றுவது கஷ்டம்.

சந்து என்று சும்மா சொல்லவில்லை. மைசூரின் பழைய பேட்டைகளில் வீடுகளின் பின்புறம் ஒடுங்கலான சந்துகள் உண்டு. ‘கன்சர்வன்சி லேன்’ என்று பெயர். எடுப்புக் கக்கூஸ் காலத்தில் மலம் அள்ளுகிறவர் வந்துபோக விட்ட வழி. வாசல் தெருவில் அவர் நடக்க வேண்டாம், வீட்டார் கண்ணில் பட வேண்டாம். கொல்லைச் சுவரில் ஒரு சின்னக் கதவு, அவ்வளவுதான். 1970களில் தேவராஜ் அர்ஸ் மந்திரிசபையில் இருந்த பி. பசவலிங்கப்பா, தலையில் மலம் சுமப்பதற்குத் தடை கொண்டுவந்தார். நாடு முழுவதற்குமான சட்டம் 1993இல் வந்தது. 2013இல் இன்னும் கடுமையான சட்டம். சந்துகள் அப்படியே நிற்கின்றன.

‘அவர் எங்கே வேலை செய்கிறார்?’ என்ற எல்.கே.ஜி. கேள்விக்கு இந்த ஊர் ஒரு காலத்தில் வரைபடத்திலேயே பதில் எழுதி வைத்திருந்தது: யாரும் பார்க்காத இடத்தில்.

இதே கர்நாடகத்தில், தமிழர்கள் நிறைந்த கோலார் தங்கவயலில் 1966இல் பிறந்தவர் பெஜவாடா வில்சன். அவருடைய குடும்பத்துக்கு மலம் அள்ளுவதே தொழில். பள்ளியில் சக மாணவர்கள் அந்தத் தொழிலின் பெயரைச் சொல்லித்தான் தன்னைக் கேலி செய்தார்கள் என்று பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சபாய் கர்மசாரி ஆந்தோலனைக் கட்டி வளர்த்த அவருக்கு 2016இல் மகசேசே விருது கிடைத்தது. நாம் கவனிக்க வேண்டியது அந்தச் சக மாணவர்களை. எந்தப் படமும் சொல்லித் தராமலே அவர்கள் பாடத்தைக் கற்றிருந்தார்கள். ‘சின்னக் குழந்தைகளிடம் போய் இதையெல்லாம் பேச வேண்டுமா?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்குத் தனி டம்ளர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று நாலு வயதுக்குத் தெரியும். நாம் பேசாவிட்டால் டம்ளர் பேசும்.

பேச முடியும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. என்.சி.இ.ஆர்.டி. 2008இல் கொண்டுவந்த ஐந்தாம் வகுப்புச் சூழலியல் புத்தகத்தில் ‘இந்த வேலையை யார் செய்வது?’ என்றே ஒரு பாடம் இருந்தது. துப்புரவு வேலை செய்பவர்களிடம் போய்ப் பேசச் சொன்னது அது. எத்தனை நாளாக இந்த வேலை, எவ்வளவு படித்தீர்கள், வேறு வேலை தேடினீர்களா, வீட்டுப் பெரியவர்களும் இதைத்தான் செய்தார்களா என்று கேட்கச் சொன்னது. அதற்கும் வெகு முன்பே, 1921இல் சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றை வெளியிட்ட நியூயார்க்கின் லூசி ஸ்ப்ரேக் மிட்செல், குழந்தைகளுக்கு ராஜா ராணியைவிடத் தங்கள் தெருவும் அதில் நடக்கும் வேலையும்தான் முதல் பாடம் என்று வாதாடியவர். பிள்ளைகளை ஊருக்குள் அழைத்துப்போய்க் காட்டுவது அவரது முறை.

மைசூருக்கு இந்த முறை புதிதல்ல. தசராவுக்கு வாரக்கணக்கில் முன்பே யானைகள் காட்டு முகாம்களிலிருந்து அரண்மனைக்கு வந்துவிடும். பாகன்களும் காவடிகளும் குடும்பத்தோடு அரண்மனை வளாகத்திலேயே தங்குவார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அங்கேயே தற்காலிகப் பள்ளிக்கூடம் நடக்கும். யானை என்ன தின்னும், எத்தனை மணிக்குக் குளிக்கும், 750 கிலோ அம்பாரியைச் சுமக்க எப்படிப் பழக்குகிறார்கள் என்று கேட்கும் ஊர்ப்பிள்ளைகளுக்குப் பாகன்தான் வாத்தியார். அவரை ‘ஹெல்பர்’ என்று யாரும் அழைப்பதில்லை. தொழில் தெரிந்தவர் என்ற மரியாதை தானாக வருகிறது.

ஜம்புசவாரி முடிந்ததும் அரண்மனையிலிருந்து பன்னி மண்டபம் வரை தெருவெங்கும் குப்பை. அதைப் பெருக்குவதிலும் தொழில் நுணுக்கம் உண்டு. எங்கிருந்து தொடங்குவது, ஈரக் குப்பையை எப்படிப் பிரிப்பது, உடைந்த கண்ணாடியைக் கையில் படாமல் எப்படி எடுப்பது? இதையும் அதே பிள்ளைகள் கேட்கலாம். உங்கள் பெயர் என்ன, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், தண்ணீர் தாகம் எடுத்தால் எங்கே போவீர்கள், உங்கள் பாப்பா எந்த ஸ்கூல் என்று சேர்த்துக் கேட்கலாம். நாலு வயதுக்கு இதில் எதுவும் கனமான கேள்வி அல்ல. பெரியவர்களுக்குத்தான் பதில்கள் கனக்கும்.

2022 ஜூலையில் பணி நிரந்தரம் கேட்டுக் கர்நாடகத்தின் பௌரகார்மிகர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ‘உதவுபவர்கள்’ என்று மட்டும் கற்ற குழந்தைக்கு அது புரியாது. உதவியை ஏன் நிறுத்தினார்கள் என்று வருத்தப்படும். ‘தொழிலாளி’ என்று கற்ற குழந்தைக்குப் புரியும்.

ஆசிரியைகளுக்கு ஒரு யோசனை. அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது சுவர்ப் படத்தோடு நிறுத்த வேண்டாம். பள்ளிக்கூடத்தைப் பெருக்கும் ஆயாவை வகுப்பில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். நாற்காலி முக்கியம். மைசூராக இருந்தால், பிள்ளைகளைப் பக்கத்துக் கொல்லைப்புறச் சந்துக்கு அழைத்துப்போய் அந்தச் சின்னக் கதவைக் காட்டுங்கள். இது யாருக்காக வைத்த கதவு என்று யாராவது ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். உண்மையைச் சொல்லுங்கள்.