பாரம் எங்கே நிற்கிறது?



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா தம்பி" என்று மன்றத்து அண்ணன்கள் கேட்டபோது, ஒரு கவிதை எழுதிக் கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் காதலைப் பற்றியும் நட்பைப் பற்றியும் கவிதை எழுத நம் கல்லூரியில் ஆளுக்கா பஞ்சம்? அதனால் நான் ஒரு படகு கவிழ்ந்த கதையை எழுதுகிறேன். கவிழ்த்தவனும் நானேதான்!

போன வருஷம் கண்காட்சிக்காக எங்கள் வகுப்பில் நாலு பேர் சேர்ந்து வேகமாக ஓடும் மாதிரிப் படகு ஒன்று செய்தோம். 60 சென்டிமீட்டர் நீளம். மெல்லிய பிளைவுட்டில் அடிப்பாகம், ரிமோட் கண்ட்ரோல், பேட்டரியில் ஓடும் மோட்டார். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டோம். என் பங்கு, அப்பா மண்டியில் மூட்டை சுமந்து கொண்டு வந்த கூலி.

எங்கள் ஊர்க் கண்மாயில் விட்டுப் பார்த்தோம். மெதுவாகப் போகும்போது அழகாகப் போனது. வேகம் கூட்டியதும் மூக்கு மேலும் கீழும் தவளை மாதிரிக் குதிக்க ஆரம்பித்துவிட்டது. வேகமும் வரவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றே ஒன்றுதான்: "மோட்டார் பத்தலடா, பெரிசா போடு!"

போட்டோம். மறுபடியும் பணம். இந்தத் தடவை குதித்த படகு, ஒரு குதியில் காற்றிலேயே மல்லாந்து தலைகுப்புற விழுந்தது. தண்ணீர் புகுந்து கண்ட்ரோலர் புகைந்து போனது. "விடுடா, கடையில ரெடிமேடா ஒரு ப்ராஜெக்ட் வாங்கி வச்சிரலாம்" என்று நண்பன் ஒருவன் சொன்னான். எனக்கும் கிட்டத்தட்ட சம்மதம்தான். ஆனால் கையில் காசில்லை.

படகைத் திண்ணையில் காயப் போட்டிருந்தேன். வேலை முடிந்து வந்த அப்பா அதை எடுத்து, இரண்டு பக்கமும் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். பின்பக்கம் சாய்ந்தது. விரலைப் பின்னால் நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, "என்னடா இது, இம்புட்டுப் பின்பாரமா இருக்கு? பாரம் எங்க நிக்குதுன்னு பாத்தியா இல்லையா?" என்று கேட்டார்.

நண்பர்களே, எனக்குச் சுருக்கென்றது. மெக்கானிக்ஸ் பேப்பரில் ஈர்ப்பு மையம் கணக்கைப் போட்டு நல்ல மார்க் வாங்கியவன் நான். டி வடிவம், எல் வடிவம் எது கொடுத்தாலும் போடுவேன். ஆனால் என் கையால் செய்த படகுக்கு ஈர்ப்பு மையம் எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை!

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. இளவயதில் தாத்தாவோடு மாட்டு வண்டி ஓட்டியவர். "முன்பாரம் ஏறுனா மாட்டுக் கழுத்து ஒடிஞ்சு போகும். பின்பாரம் ஏறுனா நுகம் தூக்கும், கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். மூட்டையை நகத்தி அடுக்கணும். அதை விட்டுட்டு மாட்டை அடிச்சா வண்டி போகுமா?" என்றார். நாங்கள் மோட்டாரை மாற்றியது மாட்டை அடித்த கதைதானே!

அன்று ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். படகின் மொத்த எடை 1,000 கிராம். பின்பலகையிலிருந்து அளந்தால் அடிப்பாகம் 400 கிராம், 22 செ.மீ. தூரத்தில். மோட்டாரும் ஷாஃப்டும் 200 கிராம், 18 செ.மீ. கண்ட்ரோலர், சர்வோ, ரிசீவர் எல்லாம் சேர்ந்து 100 கிராம், 5 செ.மீ. பேட்டரி இரண்டும் 300 கிராம், அதுவும் 5 செ.மீ. எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் 14,400. மொத்த எடையால் வகுத்தால் 14.4 செ.மீ. அதாவது படகு நீளத்தில் 24 சதவீதம்.

வேகமாக ஓடும் 'வி' வடிவ அடிப்பாகம் கொண்ட படகுக்கு இந்தப் புள்ளி பின்பலகையிலிருந்து சுமார் 30 சதவீதத்தில் இருப்பது நல்ல ஆரம்பம். எங்களுக்கு 18 செ.மீ. வர வேண்டும். வேகம் எடுத்ததும் படகு முழு உடம்பும் தண்ணீரில் கிடக்காது. மேலெழும்பி, பின்பகுதியை மட்டும் தண்ணீரில் வைத்துச் சறுக்கிக் கொண்டு போகும். பாரம் அதற்கும் பின்னால் போனால் மூக்கு தூக்கும், குதிக்கும், அடியில் காற்றுப் புகுந்து கவிழ்க்கும். பாரம் மிகவும் முன்னால் போனாலோ மூக்கு தண்ணீரை உழும், வேகம் குறையும், திருப்பும்போது திடீரென்று சுழன்றுவிடும்.

தீர்வு என்ன? பேட்டரி மொத்த எடையில் பத்தில் மூன்று பங்கு. அதை 12 செ.மீ. முன்னால் நகர்த்தினால் புள்ளி 3.6 செ.மீ. முன்னால் வரும். 14.4-உம் 3.6-உம் சேர்ந்தால் 18! இரண்டு பேட்டரியையும் மோட்டாருக்கு இரண்டு பக்கமும் ஒட்டி வைத்தோம். ஈயக்கட்டி வேண்டாம், புது மோட்டார் வேண்டாம், ஒரு பைசா செலவில்லை. சரிபார்க்க இரண்டு சமையல் தராசு போதும். ஒன்று பின்பலகைக்கு நேர் கீழே, இன்னொன்று 40 செ.மீ. முன்னால். முன் தராசு 450 கிராம் காட்டியது. 450-ஐ 40-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் அதே 18. பேப்பரில் போட்ட கணக்கு தராசில் வந்து நின்றபோது ஏற்பட்ட சந்தோஷம் மார்க் வாங்கிய அன்றுகூட வரவில்லை.

கண்ட்ரோலரை மட்டும் கடன் வாங்கி மாட்டினோம். படகு குதிக்கவில்லை! ஆனால் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. பின்னாலிருந்து பார்த்தால் எங்கள் புரொப்பெல்லர் கடிகார முள் போல வலமாகச் சுற்றும், அதன் எதிர்விசை படகை இடமாகச் சாய்க்கும். பேட்டரியைத் துளி வலது பக்கம் நகர்த்தினோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், அதையும் நோட்டில் குறித்துவிட்டு. 30 என்பது வேதவாக்கு அல்ல. ஒவ்வொரு சென்டிமீட்டராக நகர்த்தி ஓட்டிப் பார்த்தால் படகே தன் இடத்தைச் சொல்லும். பேட்டரி உட்பட எல்லாம் மாட்டிய பிறகுதான் அளக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

இது விளையாட்டுப் படகுக்கு மட்டும் உள்ள விஷயமல்ல. 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் டொனால்ட் கேம்ப்பெல்லின் 'புளூபேர்ட்' படகு, மணிக்கு 300 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் மூக்கு தூக்கிக் கவிழ்ந்தது. அவர் உயிரிழந்தார். காரணங்கள் பல சொல்கிறார்கள். ஆனால் அந்த வேகத்தில் மூக்கு எழும்பிவிட்டால் மனிதனால் செய்ய ஒன்றுமில்லை. 1978 அக்டோபர் 8 அன்று ஆஸ்திரேலியாவின் கென் வார்பி, தன் வீட்டுக் கொல்லையில் மரத்தால் கட்டிய படகில், ராணுவம் கழித்துப் போட்ட ஜெட் எஞ்சினைப் பொருத்தி, மணிக்கு 511 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. வீட்டுக் கொல்லையில் முடியும் என்றால் நம் ஒர்க் ஷாப்பில் முடியாதா?

கண்காட்சியில் எங்கள் படகு ஒழுங்காக ஓடியது. பரிசு கிடைக்கவில்லை. கடையில் வாங்கி வந்த ஒரு ப்ராஜெக்டுக்குக் கிடைத்தது. எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் "இந்தப் பாகத்தை ஏன் இந்த இடத்தில் வைத்தாய்?" என்று கேட்டால் எங்கள் நாலு பேரிடமும் பதில் இருந்தது. நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் மெடலைக் கேட்க மாட்டார்கள், இந்தக் கேள்வியைத்தான் கேட்பார்கள்.

ஆகவே என் கருத்து இதுதான். வேகம் போதவில்லை என்று மோட்டாரை மாற்றும் முன் பாரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மெக்கானிக்ஸ் லேபில் ஒரு வகுப்பாவது, தாங்களே செய்த ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்தை மாணவர்கள் அளந்து பார்க்க இடம் கொடுக்குமாறு ஆசிரியப் பெருமக்களைப் பணிவோடு கேட்டுக் கொள்கிறேன். காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்க நினைக்கும் நண்பர்களே, நீங்கள் காசு கொடுத்து இழப்பது அந்தப் பதிலைத்தான்.

கடைசியாக ஒன்று. சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று சின்ன எழுத்தில் எழுதியவன் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன். படிப்பு கல்லூரியில்தான் இருக்கிறது, வீட்டில் ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. நம்மில் பலருடைய அப்பா அம்மா நாள் முழுக்க எடை தூக்குகிறவர்கள். செய்ததை அவர்களிடம் ஒரு தடவை காட்டுங்கள். அவர்கள் தூக்கிப் பார்த்துச் சொல்வார்கள்.



— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு