சொல்லும் பொருளும்: ஸ்டால்வர்ட்

நாம் 'கட்சியின் தூண்' என்போமே, அத்தகையோரை ஆங்கிலேயர் 'ஸ்டால்வர்ட்' என்பர். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூலவடிவம் 'பயன்படத்தக்கது' எனப் பொருள்பட்டது; ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றேட்டில், பகைவரிடம் கைப்பற்றிய கப்பல்களுள் பழுதற்றவற்றைக் குறித்தது. பின்னர் உடல்வலிமையையும் நெஞ்சுரத்தையும் சுட்டலாயிற்று. ஸ்காத்லாந்து வழக்கிலிருந்த இன்றைய வடிவத்தை 19-ஆம் நூற்றாண்டில் வால்டர் ஸ்காட்டின் எழுத்துகள் பரப்பின.

1880-இல் கிராண்டை மூன்றாம் முறை அமெரிக்க ஜனாதிபதியாக்க முனைந்த குடியரசுக் கட்சிப் பிரிவினர் இப்பெயரைத் தாங்கினர். 1881 ஜூலை 2 அன்று ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்ட சார்லஸ் கிட்டோ, தானும் ஒரு ஸ்டால்வர்ட் என முழங்கினான். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் மாண்டார். அப்பிரிவினர் கொலைக்கு உடந்தையல்லர். எனினும் பெயர் மாசுபட்டது.

பயன்படுதலே இச்சொல்லின் தொடக்கப் பொருள். தன் உறுதி எதற்குப் பயன்படுகிறதென வினவாதவன் வலியவனாகலாம், தூணாகான்.